மச்சாளின் நெஞ்சுக்கு ஒரு கதவு

சட்டன்
12 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சாள் தவமலருக்கு,

நான் எத்தனை தடவை அழைத்தும் நீங்கள் போனை எடுக்கவில்லை. என் மகளிடம், அதாவது உங்கள் மருமகளிடம், விசாரித்தேன். "மாமி உங்களோட கதைக்க மாட்டாவாம், அம்மா. சொல்லுறதை எழுதட்டாம். எழுத்தில சிரிக்க ஏலாதுதானே எண்டு சொன்னவா" என்றாள் றூபினி. நியாயமான நிபந்தனை. எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிரிப்பு. றூபினியின் நாற்பதாவது பிறந்தநாளில், மண்டபம் நிறைய இரண்டு பக்கத்துச் சனமும் இருக்க, "இனி எங்கட சம்பந்தியும் மாட்டுக்காரிதான், மாட்டுக் கொத்துரொட்டியை அவவின்ர பக்கம் தள்ளுங்கோ" என்று சொன்னவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் தட்டை வைத்துவிட்டு உங்கள் மகன் சுஜீத்திடம் காரை எடுக்கச் சொன்னீர்கள். உங்கள் நெஞ்சு வருத்தத்தை நான் மண்டபத்துக்குப் பகிடியாக்கினேன். அது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பகிடி பிழை என்பதால் டொக்டர் சொன்னதும் பிழையாகிவிடாது. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை மொழிபெயர்க்க உங்கள் பக்கத்தில் இருந்தவளும் நானே. இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகும் வாசலில் உள்ள வால்வு, கல்சியம் படிந்து இறுகிவிட்டது. மாற்றாவிட்டால் அதிக காலம் இல்லை. கார்பனால் செய்த வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போட வேண்டும். வயிற்றுப் புண்ணால் ஏற்கெனவே இரத்தம் போன உங்களுக்கு அது ஆகாது. மிச்சம் இருப்பது, மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் தைத்த வால்வு. நெஞ்சைப் பிளக்காமல், தொடை நாடி வழியாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

"முட்டைகூடத் தொடாதவள் நான். நெஞ்சுக்குள்ள மாட்டை வைச்சுக்கொண்டு எப்படிச் சிவன் கோயில் வாசலை மிதிக்கிறது? மனுசன்ர கிடைக்காதோ எண்டு கேளுங்கோ" என்றீர்கள். நான் டொக்டரிடம் கேட்டேன், உங்களுக்கு அது சரிவராது என்றார். உங்களிடம் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன்: மனிதர் என்ன மரக்கறியா?

கோபிக்காதீர்கள், இதைக் கேளுங்கள். புதன்கிழமைகளில் சட்டன் நூலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இயற்கையைப் பற்றி இந்த நாட்டிலும் பிரான்சிலும் எப்படி யோசித்தார்கள் என்பது பாடம். பெயர்களை எழுதினால் "பாடம் நடத்துறா" என்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அவர்களில் ஒருவர், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிக்குப் பெயர் தந்தவர், உலகத்தில் உள்ளதெல்லாம் ஒரே சடப்பொருள்தான் என்றார். தங்கம், தண்ணீர், மாடு, மனிதர் எல்லாம் அதே பொருளின் சிறு துணிக்கைகள். அளவு வேறு, வடிவம் வேறு, அசைவு வேறு, அவ்வளவுதான். ஒரே அரிசி மாவை அச்சு உரலில் பிழிந்தால் இடியப்பம், தேங்காய்ப் பூவோடு குழலில் வைத்தால் பிட்டு. இடியப்பத்துக்குள் பிட்டு ஒளிந்திருக்கிறதா? இல்லை. அப்படித்தான் அந்தச் சவ்வுக்குள் மாடும் இல்லை. கழுவி, மருந்தில் பதப்படுத்தி, உயிர்க்கலம் ஒன்றுகூட மிஞ்சாத ஒரு துண்டு அது.

யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்
மரியநாயகி


லூயிஷாம்
20 பெப்ரவரி 2024

மதிப்புக்குரிய திருமதி மரியநாயகி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். மாவை ஏற்றுக்கொள்ளவில்லை.

நீங்கள் உயிரியல் படிப்பித்தவர். நான் சைவசமயம் படிப்பித்தவள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் எனக்குச் சரியாக எழுதிக் காட்டிய விடை இது: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குடம் ஆன பிறகு குயவன் வீட்டுக்குப் போய்விடுவான். சக்கரம் கொட்டிலில் கிடக்கும். மண் மட்டும் குடத்தை விட்டுப் போகாது. குடம் உடைந்தாலும் மண்தான். மாட்டிலிருந்து வந்தது மாடுதான். மருந்தில் ஊறப்போட்டால் பொருள் மாறாது, மணம்தான் மாறும்.

இன்னொன்று. பொருள் வெறும் பொருள்தான், பெயரில் ஒன்றுமில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் முழந்தாளில் நின்று, பூசை வைக்கும் சுவாமி தூக்கிப் பிடிக்கும் அப்பத்தை அப்பம் இல்லை என்கிறீர்கள். கண்ணுக்கு அப்பம், வாய்க்கு அப்பம், உங்களுக்கு மட்டும் ஆண்டவரின் உடம்பு. அப்படியானால் சிலவேளை பொருள் தான் தோன்றுகிறபடி இல்லை என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன் மாவுக் கதை?

தபசுகாலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாள் இறைச்சியை விட்டுவிட்டு உயிர்த்த ஞாயிறுக்குச் சேர்த்துப் பிடிப்பவர்களிடம் நான் சைவம் படிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு
தவமலர்

பி.கு.: மனிதர் மரக்கறியா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அதை நீங்கள் வெற்றியாக எடுக்க வேண்டாம்.


சட்டன்
29 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சாள்,

"மதிப்புக்குரிய திருமதி" என்று தொடங்கியதைப் பார்த்ததும் கவுன்சிலிலிருந்து வந்த கடிதம் என்றே நினைத்தேன். சம்பந்தி என்றால் வழக்குக்கு வந்தவர்கள் போல இருக்கிறது, மச்சாள் என்றே கூப்பிடுங்கள் என்று கலியாணத்தன்று சொன்னது நீங்கள். நான் மாற்றப்போவதில்லை.

அப்பத்தைப் பற்றி நீங்கள் கேட்டது ஞாயிறு பூசை முழுக்க என்னை இருக்கவிடவில்லை. சுவாமி தூக்கிப் பிடித்தபோது உங்கள் முகம்தான் தெரிந்தது. புதன்கிழமை வகுப்பில் எழுந்து கேட்டேன். படிப்பிக்கிறவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். "பொருள் என்பது நீளம், அகலம், உயரம் மட்டுமே என்று சொன்ன பிரெஞ்சுக்காரரிடமும் இதையேதான் கேட்டார்கள். அவர் பதில் எழுதினார். திருச்சபைக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் சம்பந்தி நல்ல கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார்" என்றார். வகுப்பே உங்களைப் பற்றி விசாரிக்கிறது.

என் பதில் இதுதான். எனக்குத் தெரியாது. அப்பம் எப்படி மாறுகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அது எதற்குத் தரப்படுகிறது என்பதுதான் எனக்குள் நிற்கிறது. ஆகவே மாவுக் கதையை மீளப் பெறுகிறேன். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு, எழுதியதை அழிப்பது கஷ்டமான வேலை. அழித்துவிட்டேன்.

ஆனால் என் அனுபவத்தில், பிள்ளை சரியான விடையை வேகமாகச் சொன்னால், அதற்குப் பின்னால் சொல்லாத ஒரு கேள்வி இருக்கும். மண், குடம் எல்லாம் சரி. உண்மையாக உங்களைத் தடுப்பது எது? தீட்டா? கோயில் சனம் கதைக்கும் என்றா? பயமா? எனக்கென்றால் பயம்தான் இருக்கும்.

இந்த வாரம் மூச்சு எப்படி? படிக்கட்டில் நிற்க வேண்டியிருக்கிறதா? இதற்கு மட்டுமாவது நேராகப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்
மரியநாயகி


லூயிஷாம்
4 மார்ச் 2024

மச்சாள்,

மூச்சு முந்தியதைப் போலத்தான். மாடிக்குப் போகும்போது நடுப்படியில் நிற்கிறேன். சுஜீத்துக்குச் சொல்ல வேண்டாம். கட்டிலைக் கீழே இறக்கிவிடுவான்.

தடுப்பது எது என்று கேட்டீர்கள். தீட்டு என்று எல்லோருக்கும் சொன்னேன். அது சொல்லச் சுகமான காரணம். கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அந்த மாடு எனக்காகச் செத்ததா?

அவ்வளவுதான் கேள்வி. எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு உயிர் என்னால் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தேன். நாக்குக்கு விருப்பமில்லாமல் விடவில்லை. சின்னப் பிள்ளையில் மீன் பொரிக்கும் வாசம் எனக்கு மிகவும் பிடிக்கும். இதுவும் உங்களுக்கு மட்டும். இப்போது கடைசி நேரத்தில், சாப்பாட்டுக்குக்கூட இல்லாமல், இன்னும் கொஞ்ச வருடம் இழுத்துக்கொண்டு கிடப்பதற்காக ஒரு உயிரை வாங்குவதா?

பொருளை விடுங்கள். காரணத்துக்கு விடை சொல்லுங்கள்.

தவமலர்


சட்டன்
7 மார்ச் 2024

அன்புள்ள மச்சாள்,

மீன் பொரியல் விஷயம் என்னோடு இருக்கும். படிக்கட்டு விஷயத்துக்கு உறுதி தரமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் வால்வு நோயாளிகளைப் பார்க்கும் நேர்ஸைப் போனில் பிடித்தேன். பிறேமினி என்று நல்ல காலத்துக்கு எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று. "அன்ரி, அந்த மாடுகள் இறைச்சிக்குத்தான் வெட்டுப்படுறது. இதயத்தைச் சுத்தின சவ்வை ஒருத்தரும் சாப்பிடுறேல்லை. எறியிறதை எடுத்துத்தான் வால்வு தைக்கிறாங்கள். அதுக்கெண்டு தனியா மாடு வெட்டுறேல்லை" என்றாள்.

ஆகவே அந்த மாடு செத்ததற்கு நீங்கள் காரணம் இல்லை. ஒரு பில்லியர்ட் பந்து இன்னொன்றை இடிக்கிறது, அது மூன்றாவதை இடிக்கிறது. மேசையின் மறுபக்கத்தில் கிடக்கும் பந்தை, முதல் பந்து உருண்டதற்கு நீதான் காரணம் என்று சொல்ல ஏலாது. காரணம் பின்னாலிருந்து தள்ளுவது. முன்னாலிருந்து இழுப்பதில்லை. நான் சொன்ன அந்த நூற்றாண்டு முழுக்க இதற்காகத்தான் வாதாடினார்கள்.

இதை எழுதி முடித்துத் தேநீர் போடப் போனேன். கேத்தில் கொதிப்பதற்குள் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரிந்துவிட்டது. "வாங்குகிறவர் இருப்பதால்தான் வெட்டுகிறான்" என்பீர்கள். சந்தையில் வாங்குகிறவர் முன்னால் நின்று இழுக்கத்தான் செய்கிறார். பந்துக்கு அது தெரியாது, கசாப்புக்காரருக்குத் தெரியும். அங்கே என் உதாரணம் உடைந்துபோகிறது. எறிகிற சவ்வுக்கும் விலை இருக்கிறது என்றால், ஒரு மயிரிழை அளவுக்கு நீங்களும் அந்தக் கணக்கில் வருவீர்கள். வாராவாரம் இறைச்சி வாங்குகிற நான் கயிறு அளவுக்கு வருவேன்.

இல்லை என்று பொய் எழுதலாம். உங்களுக்கு எழுத மனம் வரவில்லை.

நாளைக்குச் சிவராத்திரி, அதனால் இதை றூபினியிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். உபவாசம் என்று குளிசைகளை விட்டுவிடாதீர்கள். கோயிலுக்குச் சுஜீத்தின் காரில் போங்கள்.

அன்புடன்
மரியநாயகி


சட்டன்
13 மார்ச் 2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் பதில் வருமுன் எழுதுகிறேன். திங்கட்கிழமை லூயிஷாம் சந்தையில், வாழைக்காய் வாங்கும் இடத்தில் விழுந்துவிட்டீர்கள் என்று சுஜீத் சொன்னார். அம்புலன்ஸ்காரர் தூக்கும்போது கண் விழித்து, பையை மறக்க வேண்டாம் என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாட்டுக்கு வெளியே தனுஷியா நின்றாள். "அம்மா ஒருத்தரையும் பாக்கேலாது எண்டு சொல்லுறா, அன்ரி. உங்களை எண்டு இல்லை" என்றாள். உங்கள் மகளுக்கு உங்களைப் போலவே பொய் சொல்ல வராது. கொண்டுவந்த தோடம்பழத்தைக் கொடுத்துவிட்டு ரயில் எடுத்தேன். இந்தக் கடிதத்தை றூபினி கையில் தருகிறேன்.

இந்த முறை உங்களை வெல்ல எழுதவில்லை.

நான் பரீட்சைத் தாள் திருத்திய காலத்தில், "இதயம் எதற்காகத் துடிக்கிறது?" என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். "எதற்காக என்று எழுதாதே, எப்படி என்று எழுது. இதயத்துக்கு ஆசை இல்லை" என்று பக்கத்தில் குறிப்பேன். அந்தப் பிரெஞ்சுக்காரரும் அதைத்தான் சொன்னார். கடவுளின் நோக்கம் கடவுளுக்குத் தெரியும், அவருடைய ஆலோசனைச் சபையில் நமக்குக் கதிரை இல்லை, இயற்கையைப் படிக்கும்போது அதைத் தேடாதே என்றார்.

போன கிழமை வகுப்பில் ஒரு விஷயம் கேட்டேன். இதே லண்டனில், நானூறு வருடத்துக்கு முன் ஒரு வைத்தியர் இருந்தார். இரத்தம் உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்று காட்டியவர். வாயு விதிக்காரர் அவருடைய கடைசிக் காலத்தில் அவரைச் சந்தித்து, உங்களுக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டாராம். நாளங்களுக்குள் இருக்கும் வால்வுகளைப் பார்த்து வந்தது என்றாராம் அவர். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னச் சின்னக் கதவுகள். இயற்கை இத்தனை கதவை வீணுக்கு வைத்திருக்காது, இவை எதற்கு என்று யோசித்தாராம். அந்த "எதற்கு" என்ற கேள்வியில்தான் இரத்த ஓட்டமே பிடிபட்டது. நான் வெட்டிய கேள்வி அது, மச்சாள். எத்தனை பிள்ளைகளின் தாளில் வெட்டினேனோ!

எனக்குப் பொருளைப் பற்றி இனிச் சொல்ல ஒன்றுமில்லை. காரணத்தில் மயிரிழை உங்களுடையது, கயிறு என்னுடையது என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தக் கதவு எதற்கு? இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு என்று எழுதினீர்கள். அப்படியானால் வேண்டாம், வற்புறுத்தமாட்டேன். வேறு எதற்காகவாவது இருந்தால் யோசியுங்கள். என் பக்கத்துக் காரணத்தைச் சொல்கிறேன்: என் மாவுக் கதையை அழிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். இப்படி வாதாட எனக்கு இந்த நாட்டில் வேறு ஒருவரும் இல்லை.

மரியநாயகி


ஆஸ்பத்திரியிலிருந்து
19 மார்ச் 2024

அன்புள்ள மச்சாள்,

அன்று உங்களைப் பார்க்காததற்குக் கோபம் காரணம் இல்லை. பல்லைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

உங்கள் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன் என்று எழுதினால் பொய். இரண்டு தரம். பிறகு சிவராத்திரி நினைவு வந்தது.

அன்று கோயிலில் தேவாரம் பாடும் முறை எனக்கு. மிருதங்கத்துக்கு ஒரு பிள்ளை, இங்கே பிறந்து வளர்ந்தவன், பக்கத்தில் இருந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். பாட்டுத் தொடங்க நேரம் இருந்தது. "தம்பி, இது என்ன தோல்?" என்று கேட்டேன். அவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "அன்ரி, வெளி வளையம் மாடு, உள்ளுக்கை ஆடு. இதை ஏன் இஞ்ச வைச்சுக் கேக்கிறியள்?" என்றான். மூலஸ்தானத்துக்கு நேரே, ஐயரும் நானும் எல்லோரும் குளித்து விபூதி பூசி நிற்கிற இடத்தில் மாடு இருக்கிறது. ஐம்பது வருடமாக அதோடு சேர்ந்து பாடுகிறேன். பாடும்போது தாளத்தைக் கேட்டேனே தவிர மாட்டைக் கேட்கவில்லை.

அன்று அதை மேலே யோசிக்கவில்லை. இங்கே கட்டிலில் கிடக்கும்போதுதான் என் பிழை பிடிபட்டது. எட்டாம் வகுப்புப் பிழை. நான் அந்த வால்வை மண் என்று நினைத்துவிட்டேன். அது மண் இல்லை. சைவத்தில் உடம்பே உயிருக்குக் கொடுத்த கருவி. கருவிக்குள் இன்னொரு கருவி வைத்தால், அது சக்கரத்தோடும் தண்டத்தோடும் சேர்கிற துணைக்காரணம். குடத்தில் தண்ணீர் குடிக்கிறவர், சக்கரம் எந்த மரத்தில் செய்தது என்று கேட்பதில்லை. எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம்! எனக்கு நானே சைபர் போட்டுக்கொண்டேன்.

மயிரிழை தீரவில்லை. அதை நீங்கள் மறைக்காமல் எழுதியதால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன். அந்த உயிருக்கு நான் பட்ட கடன் இருக்கத்தான் செய்யும். அதைச் சுமந்துகொண்டே கோயிலுக்குப் போவேன்.

எதற்கு என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டேன். தேவாரத்தில் ஒரு அடியை ஒரே மூச்சில் பாடி முடிக்க ஏலாமல் இப்போது பாதியில் நிறுத்துகிறேன். அதை முழுதாகப் பாட வேண்டும். அதற்கு.

வெள்ளிக்கிழமை செய்கிறார்களாம். முதல் நாள் டொக்டர் விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். மொழிபெயர்க்க வாருங்கள். மாடு என்ற சொல் வந்தால் மாடு என்றே சொல்லுங்கள். சிரிக்கக் கூடாது.

தவமலர்


லூயிஷாம்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள மச்சாள்,

இனிப் போனில் கதைக்கலாம் என்று நீங்கள் சொன்னதாகச் சுஜீத் சொன்னான். கதைப்போம். ஆனால் இதை எழுத்தில்தான் தரவேண்டும்.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு பதிகத்தை நடுவில் நிறுத்தாமல் பாடினேன். அந்த மிருதங்கப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் மாடிக்கும் நிற்காமல் ஏறுகிறேன். சுஜீத்திடம் படிக்கட்டு விஷயத்தைச் சொன்னது நீங்கள்தான் என்று தெரியும். அது தனிக் கணக்கு.

கோயிலில் என்னோடு தேவாரம் பாடுகிற சிவமலர் பிடித்துக்கொண்டா. "மாட்டின்ரையாம், உண்மையோ?" என்று காதுக்குள் கேட்டா. ஓம், மாட்டின்ரைதான் என்றேன். முகத்தைச் சுளித்தா. உங்கள் சிரிப்பைவிட அது எவ்வளவோ மோசம், மச்சாள். வீட்டுக்கு வந்து உங்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நேரே இங்கே வாருங்கள். வாழைக்காய்க் குழம்பும் இடியப்பமும். பிட்டு இல்லை, உங்களுக்குக் குழப்பம் வரும். இறைச்சி எதிர்பார்க்க வேண்டாம். இந்த வீட்டில் இப்போது மரக்கறிக்காரர் இரண்டு பேர். யோசித்துப் பாருங்கள், பசு ஆயுள் முழுக்கப் புல்லைத் தவிர வேறொன்றைத் தொட்டதில்லை. உங்களைவிட அது எனக்கு நெருங்கின சொந்தம்.

இதற்கு நீங்கள் சிரிக்கலாம்.

உங்கள்
மச்சாள்